பேட்டரிப் பெட்டிக்கு ஒரு பூட்டு

சாவியைத் திருகியதும் லாரி முதல் உறுமலிலேயே கிளம்பிவிட்டது. ரொட்டி வண்டிக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"பார்த்தியா? பார்த்தியா?" என்று உள்ளே உட்கார்ந்தபடியே கத்தினார். "நேத்து பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். இன்னைக்கு ஒரே திருகுல கிளம்புது. அப்படின்னா என்ன அர்த்தம்? இத்தனை நாளா எவனோ நம்ம பேட்டரியில கை வெச்சிருக்கான்!"

வாசலில் பூவாளியோடு செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ஒரே தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"அதான் கிளம்பிடுச்சே, விடுங்க" என்றாள்.

"எப்படி விடறது? கரண்ட் திருட்டுடி இது!"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தச் சின்ன லாரிதான் அவர்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. விடியற்காலையில் பேக்கரிக்குப் போய்ச் சூடு ஆறுவதற்குள் ரொட்டியை ஏற்றிக் கடை கடையாக இறக்க வேண்டும். ஆனால் சில வாரங்களாக லாரி காலையில் எழுந்திருக்கவே அடம்பிடித்தது. முக்கும், முனகும், பிறகு பெரிய மனது பண்ணிக் கிளம்பும். இரண்டு முறை கிளம்பவே இல்லை. "இன்னொரு தடவை லேட்டானா நான் வேற வண்டி பார்த்துக்கறேன்" என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார்.

முதலில் பேட்டரி விற்றவர் மேல் சந்தேகப்பட்டார். சண்டை போட்டு வேறு பேட்டரி வாங்கினார். அதுவும் இளைத்தது. பிறகு மெக்கானிக் மேல் சந்தேகம். அதன் பிறகு தெருக்கோடி வாட்ச்மேன் மேல். பாவம் அந்த வாட்ச்மேன், இப்போதெல்லாம் இவர் வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தெருவில் இவருக்குப் பூட்டு என்று பெயர். செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பூட்டு, வாசல் குழாய்க்குப் பூட்டு, குழாய்க்குக் கீழே இருக்கும் வாளிக்குச் சங்கிலியோடு பூட்டு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயம் கொஞ்சம் அதிகம். அதற்கு அவர் ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மனைவி நேர் எதிர். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன் நின்று தெருவில் இருக்கிற எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வாள். இவர் சண்டை போட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம். வாயில் பொய் வராது. அதனால்தான் தினமும் அவளிடமே விசாரிப்பார்: "நீதான் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கறே. நம்ம வண்டிப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

"வெளியாள் யாரும் வரலைங்க" என்பாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அப்படியானால் திருடன் அவள் கண்ணிலும் மண்ணைத் தூவுகிற பலே ஆள் என்று அவருக்குப் பட்டது. நேற்று மாலை கடையிலேயே பெரிய பூட்டாக வாங்கி வந்தார். லாரியின் பக்கவாட்டில், வெளியே தெரிகிற மாதிரி இருந்த பேட்டரிப் பெட்டியைப் பூட்டினார். அதுவும் போதாதென்று பெட்டி இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு பூனைகூட நுழைய முடியாதபடி லாரியை நிறுத்திவிட்டுத்தான் தூங்கப் போனார்.

"அண்ணே..."

பக்கத்து வீட்டு நர்ஸ் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். வெள்ளை உடுப்பு, தோளில் மருந்துப் பை. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு ஊசி போடுகிறவள். அவளுடைய பழைய கார், லாரிக்கு இரண்டடி தள்ளிச் சுவரோரமாக நின்றிருந்தது.

"என்ன சிஸ்டர்?"

"கார் கிளம்ப மாட்டேங்குதுண்ணே. பேட்டரி படுத்துடுச்சு. உங்க வண்டியிலேருந்து கொஞ்சம் கரண்ட் கொடுத்தீங்கன்னா..."

சொல்லிவிட்டு அவள் அவருடைய மனைவியைப் பார்த்தாள். மனைவி செடியைப் பார்த்தாள். இரண்டையும் அவர் பார்த்தார்.

லாரியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, மனைவியைத் தனியாக அழைத்துப் போய்க் கிசுகிசுத்தார்.

"கவனிச்சியா? நேத்து நான் பூட்டுப் போட்டேன். இன்னைக்கு இந்தம்மா கார் படுத்துடுச்சு. நம்ம வண்டி எழுந்திருக்குது, அவங்க வண்டி படுக்குது. புரியுதா?"

மனைவி பூவாளியைக் கீழே வைத்தாள். "அங்க ஒரு பெரியவர் காத்துக்கிட்டு இருப்பாருங்க."

"எந்தப் பெரியவர்?"

"அந்தப் பழைய டெய்லர். சர்க்கரை வியாதி. ஊசி போட்டாத்தான் அவர் சாப்பிட முடியும். கண்ணு வேற சரியாத் தெரியாது. தனியா இருக்கார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

அவர் யோசித்தார். சந்தேகம் ஒரு பக்கம் இழுத்தது. கண் தெரியாத ஒரு மனிதர் பசியோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது மறுபக்கம் இழுத்தது. அவர் மனம் கல் இல்லை.

"சரி. ஆனா எல்லாம் என் கண்ணு முன்னாடி நடக்கணும். சிஸ்டர், உங்க கார் சாவியை என்கிட்ட கொடுங்க."

"காரைக் கிளப்பச் சாவி வேணுமேண்ணே?"

"கிளப்பற நேரத்துல தருவேன்."

முதல் சிக்கல், பேட்டரிப் பெட்டி சுவரைப் பார்த்து இருந்தது. லாரியைத் திருப்ப வேண்டும். குறுகலான தெருவில் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய்த் திருப்பினார். திருப்பி முடிக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். லாரியின் மூக்கு காரின் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க! ரெண்டு வண்டியும் தொடக்கூடாதுங்க!" என்று மனைவி பதறினாள்.

"ஏன், தொட்டா தீட்டா?"

"இரும்பும் இரும்பும் தொட்டுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் கொடுத்தா ஆபத்துன்னு..."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றதுதானே."

முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். இந்த முறை சத்தம் 'சடார்' என்று வந்தது. தண்ணீர் வழிந்துகொண்டிருந்த செடித்தொட்டி போயிற்று.

"தொட்டியை யாரு இங்க வெச்சது?"

"அது மூணு வருஷமா அங்கதாங்க இருக்கு."

லாரியின் இன்ஜினை நிறுத்தினார். ஆனால் முன் விளக்குகளை எரியவிட்டார். ரேடியோவும் பக்திப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

"இன்ஜின் ஓடட்டுமேங்க" என்றாள் மனைவி. "நின்ன வண்டியிலேருந்து எடுத்தா நம்ம பேட்டரி இளைச்சுப் போயிடும். விளக்கை வேணா அணைச்சுடுங்க."

"விளக்கை அணைச்சா அந்தம்மா கை எங்க போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்ஜினை ஓடவிட்டா என் டீசல் போகும். மிக்ஸிக்கு பிளக் சொருக என்னைக் கூப்பிடறவ நீ. எனக்குச் சொல்லித் தர்றியா?"

மிக்ஸி விஷயம் உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து மின்சாரம் என்றாலே ஒதுங்கி நிற்பவள் என்பது அவர் தீர்மானம்.

"கேபிள் யார்கிட்ட இருக்கு?"

நர்ஸ் மறுபடியும் மனைவியைப் பார்த்தாள். மனைவி உள்ளே போய், வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து சுருட்டி வைத்த கேபிளை எடுத்து வந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. முனைகளில் முதலை வாய் போன்ற கிளிப்புகள்.

அவர் திகைத்தார். "இது நம்ம வீட்டுலயா இருந்தது? எப்ப வாங்கினோம்?"

"வாங்கலைங்க. வந்துச்சு. இருக்கட்டுமேன்னு எடுத்து வெச்சேன்."

கிளிப்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பற்கள் பளபளவென்று இருந்தன. தூசியே இல்லை. அடிக்கடி கடித்துப் பழகிய பல். 'முன்னாடி குடியிருந்தவன் விட்டுட்டுப் போனதா இருக்கும். அவனும் ஒரு மாதிரியான ஆளுதான்' என்று நினைத்துக்கொண்டார். சந்தேகப் பட்டியலில் இன்னும் ஒருவர் சேர்ந்தார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"பூட்டுச் சாவியை எடுக்கணும். ஒளிச்சு வெச்ச இடம் யாருக்கும் தெரியக்கூடாது."

இருவரும் திரும்பி நின்றார்கள். காலணியைக் கழற்றும் சத்தம் நன்றாகவே கேட்டது.

பெட்டி திறந்தது. லாரி பேட்டரியில் கிளிப்புகளை மாட்டினார். நர்ஸ் தன் கார் முன்மூடியின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டித் தூக்கினாள். உள்ளே இருந்த பேட்டரியில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஏதோ படிந்து, குறிகளே தெரியவில்லை.

"சிவப்பை இந்தப் பக்கம் வைங்கண்ணே. இதுதான் பிளஸ்."

"குறியே தெரியலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்ணே... பழக்கம்."

பழக்கமா? அவர் மனதில் மணி அடித்தது. ஊசி போடுகிறவளுக்கு பேட்டரியில் என்ன பழக்கம்? இவள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாளோ? என் பேட்டரியைத் தீர்த்துக்கட்டினால் பூட்டுப் போட்டதற்குப் பழி வாங்கின மாதிரி ஆயிற்றே! இவள் இடது என்றால் வலதுதான் சரி.

"ஏங்க, சிஸ்டர் சொல்றபடியே..." என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் சிவப்பைக் கறுப்பின் இடத்திலும் கறுப்பைச் சிவப்பின் இடத்திலும் வைத்தார்.

'பட்!'

பொறி சுவர் வரைக்கும் பறந்தது. ரப்பர் தீய்ந்த நாற்றம். கேபிளிலிருந்து புகை சுருண்டு எழுந்தது. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர் ஒரு முறை கரகரத்து நின்றார். அதன் பிறகு அந்த ரேடியோ வாயைத் திறக்கவே இல்லை. ரொட்டி வண்டிக்காரர் உடைந்த தொட்டியின் சேற்றில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த கணம் யாரோ பாய்ந்து வந்து கிளிப்பைப் பிடுங்கி எறிந்தார்கள். பார்த்தால் மனைவி! கைகளில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் உறை.

"அதை எப்ப மாட்டினே?"

"கையிலேயே இருந்துச்சுங்க."

நர்ஸ் அதற்குள் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவருடைய இரண்டு விரல் நுனிகள் சிவந்திருந்தன. வாளித் தண்ணீரை ஊற்றலாம் என்றால் வாளி பூட்டிக் கிடந்தது. பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். பையிலிருந்து துணி எடுத்து இரண்டு விரல்களையும் இதமாகச் சுற்றினாள்.

"வலிக்குதாண்ணே? எல்லாம் என்னாலதான்."

அந்தக் குரலில் இருந்த வருத்தம் அவரை என்னவோ செய்தது. ஆனாலும், கட்டுப் போட்டு முடிந்ததும் சட்டைப் பையைத் தடவிச் சாவிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். இருந்தன. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போது கைப்பேசி அடித்தது. பேக்கரி முதலாளி. எடுக்கப் பயந்தார். அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஐயோ, நேரமாச்சு! எனக்குப் பொழப்பே போயிடும். நான் கிளம்பறேன்" என்று லாரியில் ஏறிச் சாவியைத் திருகினார்.

'ங்ங்...' என்றது லாரி. இன்னொரு முறை திருகினார். 'ங்...' மூன்றாவது முறை அதுவும் இல்லை. முன் விளக்குகள் மட்டும் சாகப்போகிற மின்மினிகள் மாதிரி மங்கிக்கொண்டிருந்தன.

ஒரு வண்டி படுத்திருந்த இடத்தில் இப்போது இரண்டு வண்டிகள் படுத்திருந்தன.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். கணக்கு வாத்தியார் பல் துலக்கிக்கொண்டே வந்தார். அவர் வீட்டு வாசலில் நல்ல கார் ஒன்று நின்றது.

"வாத்தியாரே, உங்க காரிலேருந்து கொஞ்சம் கரண்ட்..."

வாத்தியார் நுரையைத் துப்பினார். "தெருவுல இத்தனை வண்டி இருக்கும்போது ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"

"பக்கத்துல இருக்கீங்களேன்னு..."

"போன மாசம் என் கார் உங்க லாரியையே முறைச்சுப் பார்க்குதுன்னு சண்டைக்கு வந்தீங்க. இன்னைக்கு அதுகிட்டயே கரண்ட் கேக்கறீங்க. இதுல ஏதாவது உள்நோக்கம் இருக்கா?"

"சத்தியமா இல்லைங்க!"

"அங்க என்ன புகை?"

"அது... கரண்ட் கொடுத்த புகை."

"அதுக்கப்புறமும் என் காரைக் கேக்கறீங்க?"

கேள்வி ஒவ்வொன்றும் ரொட்டி வண்டிக்காரர் மற்றவர்களிடம் கேட்டுப் பழகியதுதான். ஒரு மனிதன் வெறுங்கையோடு வந்து நிற்கும்போது எதிரே நிற்பவன் கண்ணைச் சுருக்கினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

பின்னால் வாத்தியாரின் செருப்புச் சத்தம் கேட்டது. வாயைக் கழுவிவிட்டு அவரும் வந்துகொண்டிருந்தார்.

"காரைத் தரமாட்டேன். தோளைத் தரேன். டீசல் வண்டிதானே? தள்ளினா கிளம்பும். எல்லாரும் வாங்க!"

வாத்தியார் தள்ளினார். நர்ஸ் வெள்ளை உடுப்போடு தள்ளினாள். மனைவி மஞ்சள் உறையோடு தள்ளினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த வாட்ச்மேன், யாருடைய வண்டி என்று பார்த்து ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு அவரும் வந்து கையை வைத்தார். தெருச் சரிவில் லாரி உருண்டது, குலுங்கியது, இருமியது, பெரிய கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குக் கண் கரித்தது. புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். அப்படியே நேராகப் பேக்கரிக்குப் போயிருக்கலாம். தெருமுனைவரை போய்விட்டார். கண்ணாடியில் பார்த்தால் நர்ஸ் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தயாராகிக்கொண்டிருந்தாள். அவர் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"இன்ஜின் ஓடட்டும்" என்றார் இறங்கியதும், தானே கண்டுபிடித்த மாதிரி. "ஆனா எனக்கு விரல்ல கட்டு. கேபிளை யாரு மாட்டறது?"

"நான் மாட்டறேங்க" என்றாள் மனைவி.

"நீயா! ஷாக் அடிச்சுதுன்னா?"

"சாமி இருக்கார்."

சிவப்பை லாரியில் மாட்டினாள். சிவப்பைக் காரில் மாட்டினாள். கறுப்பை லாரியில் மாட்டினாள். கடைசிக் கறுப்பை மட்டும் கார் பேட்டரியில் வைக்காமல் தள்ளியிருந்த ஒரு வெற்று இரும்புப் போல்ட்டில் கடிக்கவிட்டாள்.

"அங்க ஏன் வைக்கறே?"

"பேட்டரிகிட்ட பொறி பறக்காம இருக்கட்டும்னுதாங்க."

நர்ஸுக்குச் சாவியைக் கொடுத்தார். கார் ஒரே திருகில் கிளம்பியது. பொறி இல்லை, புகை இல்லை.

"பார்த்தியா! நான் பக்கத்துல நின்னேன்ல, அந்தத் தைரியம்தான் உன்னை மாட்ட வெச்சுது" என்றார் அவர்.

"ஆமாங்க, நீங்க பக்கத்துல நின்னது தைரியமாத்தான் இருந்துச்சு" என்றாள் அவள், கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டே.

கைப்பேசி மறுபடி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மறுமுனையில் பேக்கரி முதலாளி முழுவதையும் கேட்டார். பிறகு, "ஊசி போடற சிஸ்டருக்கா உதவி பண்ணிட்டு இருந்தீங்க? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன. மெதுவா வாங்க. ரொட்டி கொஞ்சம் ஆறினா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது" என்றார்.

அவர் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம், "இவ்வளவு நல்லவனாப் பேசறானே, என்னவா இருக்கும்?" என்று கேட்டார். அவள் அவரையே பார்த்தாள். "சரி சரி, நல்லவனாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

மனம் லேசாகிவிட்டது. பேட்டரிப் பெட்டியிலிருந்து பெரிய பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், இனிமே தினமும் காலையில என்னைக் கூப்பிடுங்க. புது பேட்டரி வாங்கற வரைக்கும் நானே கரண்ட் தரேன். பக்கத்து வீட்டுக்கு உதவாத கரண்ட் எதுக்கு?"

நர்ஸ் கை கூப்பினாள். அவர் மனைவி பக்கம் திரும்பி, கட்டுப் போட்ட விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்:

"நீயும் கத்துக்கணும். எதுக்கெடுத்தாலும் பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தா நாலு பேருக்கு எப்படி நல்லது பண்றது? உதவின்னா இறங்கிப் பண்ணணும்."

"சரிங்க" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

"ஆனா ஒண்ணு. அந்தத் திருடனை மட்டும் நான் விடமாட்டேன். தினமும் விடியக்காலையில என் பேட்டரியில கை வெச்சது யாருன்னு ஒரு நாள் தெரியாமலா போயிடும்?"

அந்த நேரம் பார்த்து, சைக்கிளில் தாமதமாக வந்த பேப்பர்காரர் காலை ஊன்றி நின்றார். தீய்ந்த கேபிளைப் பார்த்தார், உடைந்த தொட்டியைப் பார்த்தார், ரொட்டி வண்டிக்காரரின் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். மடித்த பேப்பரை வாசலில் வீசிவிட்டு அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"என்னக்கா, இன்னைக்கு அண்ணன்கிட்ட விட்டுட்டீங்களா? தினமும் விடியக்காலையில நீங்க சிஸ்டர் காருக்குக் கேபிள் மாட்டும்போது ஒரு பொறிகூடப் பறக்காதே!"